மாதிரிக் கோடு

எழுத்துரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தலைப்புக்கு ஒன்று, உள்ளே வரும் எழுத்துக்கு ஒன்று. அதற்கு மேல் மூன்றாவதாக ஒன்று பக்கத்தில் நுழைந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மின்கட்டண ரசீதைக் கையில் வாங்கினாலே என் முகம் கோணிவிடுகிறது என்று என் மனைவி கேலி செய்வாள். இப்போது செய்வதில்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் உங்கள் விசாரணைக் குழுவில் கண்ணாடி போட்ட அம்மா என்னிடம், "இது அலட்சியத்தால நடந்ததா?" என்று கேட்டார். மற்ற எந்தக் கேள்வியும் என்னைப் புண்படுத்தவில்லை. அலட்சியம் என்ற சொல்தான் தைத்தது. ஒரு கட்டத்தின் ஓரம் நூலளவு தள்ளி நின்றாலும் திரும்பப் பிரித்து அடுக்குகிறவன் நான். நடந்தது எதுவும் அலட்சியத்தால் நடக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் என் வேலை அறிக்கை தயாரிப்பது. டேட்டாபேஸில் குவிந்து கிடக்கும் எண்களை எடுத்து, மனிதர்கள் பார்க்கிற மாதிரி பக்கம் போட்டுத் தருவது. துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. சோப்பு வாசனை மட்டும் தாராளமாக உண்டு. அங்கே என் பெயர் ரிப்போர்ட்டு. "ரிப்போர்ட்டைக் கூப்பிடு" என்பார்கள். "ரிப்போர்ட்டு சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள். துடைப்பம் மூலையில் இருக்கு என்று சொல்வதற்கும் இதற்கும் தொனியில் வித்தியாசம் இருக்காது. நான் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் மருத்துவமனையின் பெருமை டயாலிசிஸ் பிரிவு. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் வந்து, சாய்வு நாற்காலியில் படுத்து, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துக் கழுவி வாங்கிக்கொண்டு போவார்கள். கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். குழாயில் வரும் தண்ணீரில் கிருமி சாவதற்காகக் குளோரின் கலந்திருக்கும். நீங்களும் நானும் குடித்தால் ஒன்றும் ஆகாது. அதே தண்ணீர் இந்த இயந்திரத்துக்குள் போனால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதனால் முதலில் ஒரு பெரிய கரித்தொட்டி வழியாக விடுவார்கள். கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து ஓய்ந்துபோனால் கரியை மாற்ற வேண்டும். இவ்வளவுதான் இதில் இருக்கும் விஞ்ஞானம். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்கள்.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்போம். முன்பெல்லாம் அவர் தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்ப்பார். குளோரின் எல்லை தாண்டியிருந்தால் தண்ணீர் அறை வாசலில் நின்றபடியே, "சிஸ்டர், தண்ணி சரியில்ல, மெஷின நிறுத்துங்க" என்று கத்துவார். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்க்கும். படுத்திருப்பவர்கள் பதறுவார்கள். தலைமை நர்ஸுக்கு இது பிடிக்கவில்லை. இது ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா என்று கேட்டார். இயக்குநர் டாக்டரும் தலையாட்டினார். இனிமேல் யாரும் கத்த வேண்டாம், தொட்டிக்காரர் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும், வாரா வாரம் அழகான அறிக்கையாக வரும், மேலே இருப்பவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள் என்று தீர்மானமாயிற்று. அறிக்கையைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு மனிதரின் தொண்டையை மூடிவிட்டு அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அறிக்கையில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். மேலே மருத்துவமனையின் பெயர், தேதி. நடுவில் பெரிதாக ஒரு வரைபடம். அதில் காலையிலிருந்து மாலை வரை குளோரின் அளவு நீலக் கோடாக ஓடும். தாண்டக்கூடாத எல்லை சிவப்புக் கோடாகக் குறுக்கே கிடக்கும். நீலம் சிவப்புக்குக் கீழே இருந்தால் நல்லது, மேலே போனால் கரியை மாற்ற வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கும். பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கு நான்கு இடம் விட்டிருந்தேன். இயக்குநர், நிர்வாக மேலாளர், தலைமை நர்ஸ், தர அதிகாரி.

அந்த வரைபடம் அறிக்கை மென்பொருளில் பிறந்ததல்ல. வேறொரு மென்பொருளில் செய்து, கொண்டுவந்து பக்கத்துக்குள் பதித்து வைப்பது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பதித்து வைத்த படம் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் மாதிரி. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் வீட்டுக்காரர் சமையலறையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பக்கத்தின் தலையில் என்ன தேதி இருக்கிறது, அன்றைக்கு என்ன அளவுகள் வந்தன என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று மென்பொருளில் ஒரு சிறிய பெட்டி திறக்கும். 'தரவு அனுப்புதல்' என்று அதற்குப் பெயர். இடது பக்கம் டேட்டாபேஸில் இருக்கும் தேதி, நேரம், அளவு. வலது பக்கம் படத்துக்குள் இருக்கும் காலி இடங்கள். இதையும் அதையும் ஜோடி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் படம் முரண்டு பிடிக்காது, எச்சரிக்கவும் செய்யாது. பதித்தபோது அதற்குள் என்ன மாதிரி எண்கள் இருந்தனவோ அவற்றையே சிரித்த முகத்தோடு காட்டிக்கொண்டிருக்கும்.

மாதிரி எண்களை நான் என் ரசனைக்குப் போட்டிருந்தேன். நீலக் கோடு சிவப்புக்கு வெகு கீழே, மெல்லிய அலையாக, காலையில் சற்று எழும்பி, மதியம் இறங்கி, மாலையில் தூங்கிவிடும். அப்படி ஒரு தண்ணீர் உலகத்தில் எந்தத் தொட்டியிலிருந்தும் வந்ததில்லை என்று பின்னால் தொட்டிக்காரர் உங்களிடம் சொன்னாராம். சரிதான். அது என் மனதிலிருந்து வந்தது.

முதல் வாரம் ஜோடி சேர்க்க மறந்தது உண்மை. தேதியைச் சேர்த்தேன், நேரத்தைச் சேர்த்தேன், அளவை விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு இது. ஒரே ஒரு நாளை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம், பக்கம் லட்சணமாக இருக்கும், அப்படியே அனுப்பிவிடுவோம். அது பிழை, குற்றம் அல்ல. குற்றத்தை அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறிக்கையைப் பார்க்க ஒரு கூட்டம் கூட்டினார்கள். எனக்கும் கதவோரம் ஒரு நாற்காலி கிடைத்தது. இயக்குநர் பக்கங்களை விசிறி மாதிரி புரட்டினார். "நீலம் கொஞ்சம் வெளிறினாப்ல இருக்கே, இன்னும் கொஞ்சம் அழுத்தமா வரட்டும்" என்றார். நிர்வாக மேலாளர், "லோகோவப் பெருசு பண்ணிடு ரிப்போர்ட்டு" என்றார். தலைமை நர்ஸ், தண்ணீர் பிரமாதமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். தர அதிகாரி அறிக்கையைத் திறக்கவே இல்லை. அதை மடியில் வைத்து, அதன் மேல் வேறு ஏதோ காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு வசதியான கனம் இருந்தது. கடைசியில் நான்கு பேரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள்.

அடுத்த வாரத்து அறிக்கைக்கு நீலத்தை அழுத்தமாக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எல்லா நாளும் ஒரே அலை. தரவு அனுப்பும் பெட்டியைத் திறந்தேன். அளவு என்ற சொல் இடது பக்கத்தில் துணையில்லாமல் நின்றது. இழுத்துச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. என் கை சுட்டெலியின் மேல் இருந்தது. அப்போது எனக்குள் ஒன்று எழுந்தது. அதை ஆத்திரம் என்று நீங்கள் எழுதினால் நான் மறுப்பேன். ஆர்வம் என்று எழுதுங்கள். நான்கு படித்த மனிதர்கள், ஒவ்வொருவர் கையிலும் அறிக்கையின் ஒரு பிரதி. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து வண்ணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இவர்கள் எத்தனை வாரம் இப்படியே பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பெட்டியை மூடினேன். நீலத்தை மட்டும் அழுத்தமாக்கினேன்.

அப்போது தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. கரி புதிது. உண்மையான அளவுகளை நான் தினமும் காலையில் டேட்டாபேஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார். மாத்திரை அட்டையின் பின்பக்கம், தீயணைப்புக் குழாயில் ஒட்டியிருக்கும் குறிப்பு, எதையும் விடமாட்டார். அத்தை போன பிறகு எங்களோடுதான் இருந்தார். சிறுநீரகம் போய், எங்கள் மருத்துவமனையிலேயே வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேலைக்குப் போகும்போது நான்தான் காரில் கூட்டிப்போய் விடுவேன். மருமகன் என்று என் மேல் அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. மரியாதைக்குக் குறைவில்லை, வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் உறவினர்கள் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், "மாப்ள கம்ப்யூட்டர்ல கோடு போடுறாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பலை நான் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் அறிக்கையின் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு இரண்டு தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமையும் வியாழக்கிழமையும் ஒரே கோடா இருக்கே."

தாள்களைக் கீழே இறக்காமலே தொடர்ந்தார்.

"பஸ்ல இதே வேலைதான் பண்ணுவானுங்க. பழைய டிக்கெட்டையே நீட்டுவானுங்க. தேதியப் பாக்க மாட்டோம்னு நினைப்பு."

"தெரிஞ்சேதான் விட்டிருக்கேன் மாமா" என்றேன். "மேல இருக்கிறவங்க யாராவது படிக்கிறாங்களான்னு பாக்குறேன். இதோட அஞ்சாவது வாரம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இருக்காங்க."

அவர் என்னைக் கண் கொட்டாமல் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அட, நீ பெரிய கில்லாடியா இருக்கியேப்பா" என்றார். அத்தனை வருடமாக இருந்த நீங்க போய், அந்த நிமிடத்தில் நீ வந்தது. என்னைப் பெற்றவர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மாமா. உங்க பொண்ணுகிட்டகூட."

"நான் வாயத் திறப்பேனா? எத்தனை பேர் குட்டு எனக்குள்ள இருக்கு தெரியுமா?"

சொன்ன வாக்கை அவர் காப்பாற்றினார். வாராவாரம் அறிக்கை போன மறுநாள், "என்ன மாப்ளே, யாராச்சும் கேட்டாங்களா?" என்பார். "இல்ல மாமா" என்பேன். இருவரும் சிரிப்போம். என் மனைவி, இந்த இரண்டு பேருக்கும் நடுவில் திடீரென்று என்ன ஒட்டுறவு என்று ஆச்சரியப்பட்டாள். அவளுக்கு அதில் சந்தோஷம். இயக்குநர் நோயாளிகளைப் பார்க்கக் கூடத்துக்குள் வரும்போது நானும் அங்கே நின்றால், நாற்காலியில் படுத்திருக்கும் மாமா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்த நாட்களில் நான் வேலைக்குச் சந்தோஷமாகப் போனேன்.

பிறகு கரி ஓயத் தொடங்கியது. அது கரியின் இயல்பு. அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு காலையில் எல்லையைத் தொட்டது, அந்த வாரமே தாண்டியது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். அன்று காபி அப்படியே ஆறிப்போனது. எனக்கு மனசாட்சி இல்லை என்று பேப்பரில் எழுதுகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அந்த வாரமே நான் ஒவ்வொரு படத்துக்கும் கீழே, 'இந்தப் படம் மாதிரிக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன். சிறிய எழுத்துதான். ஆனால் கண்ணிருக்கிறவர்கள் படிக்கக்கூடிய அளவு. நான்கு கையெழுத்தும் அந்த வரிக்கு அடியில்தான் விழுந்தன.

அடுத்த வாரம் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினேன். இந்த முறை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். கடைசியில் ஒருவர் படித்துவிட்டார், இன்றைக்கே கரியை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அவர் பக்கத்தை நீட்டி, "கீழ என்னமோ பொடிப் பொடியா ஓடுது பாரு ரிப்போர்ட்டு. அத எடுத்துடு, பக்கம் சுத்தமா இருக்கட்டும்" என்றார். எடுத்துவிட்டேன். மேலதிகாரியின் உத்தரவு.

தொட்டிக்காரர் என் அறைக்கு வந்ததை அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே கதவருகில் நின்றார்.

"ரிப்போர்ட்டு, நான் போடுற நம்பர் எல்லாம் ஒழுங்கா ஏறுதா?"

"ஏறுதே. ஏன்?"

"இல்ல, சிவப்புக்கு மேலதான் போட்டுட்டு இருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லக் காணோம். முன்னாடின்னா நானே கத்தியிருப்பேன். இப்ப கத்தக்கூடாதுன்னுட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம இருக்காதுல்ல?"

"எல்லாம் ரிப்போர்ட்ல போய்ட்டுத்தான் இருக்கு. மேல பாத்துட்டுத்தான் இருக்காங்க" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அறிக்கை போய்க்கொண்டிருந்தது. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி, பெரியவங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினார். நல்ல மனிதர். அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூடத்தில் படுத்திருந்தவர்கள் வெளிறத் தொடங்கினார்கள். ரத்தம் குறைகிறது என்று டாக்டர்கள் ஊசி மருந்தைக் கூட்டினார்கள். தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று ஒரு இளம் டாக்டர் கேட்டாராம். தலைமை நர்ஸ் அறிக்கையை எடுத்துக் காட்டியிருக்கிறார். இளம் டாக்டர் என் நீலக் கோட்டைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். இதை நர்ஸே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

வீட்டில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார்.

"ஏங்க, அப்பா நகமெல்லாம் வெள்ளையா இருக்கு" என்றாள் என் மனைவி. "மெஷின்ல உக்காந்தா முதுகு வலிக்குதுங்கறாரு. முன்னாடி இப்படி இல்ல. நீங்க அங்கதான வேலை செய்றீங்க, யார்கிட்டயாவது கேளுங்களேன்."

"வயசாச்சுல்ல" என்றேன். "கேக்குறேன்."

"நாளைக்கே கேளுங்க."

"கேக்குறேன்னு சொன்னேன்ல."

அவள் மறுபடி மறுபடி கேட்டாள். நான் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். குரல் உயர்த்தியதில்லை.

ஏன் அப்போதே நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தரச் சான்று கொடுக்கிற குழு ஒன்று எங்கள் மருத்துவமனைக்கு வருவதாக இருந்தது. வெளியாட்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, மாதக்கணக்காக இந்த நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட பக்கங்களையும், பெட்டியில் ஜோடி சேர்த்த பிறகு வரும் உண்மைப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்தேன். நடுவில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரிப்போர்ட்டு தப்பாகப் படம் போட்டுவிட்டது, திருத்திவிட்டது என்று முடித்திருப்பார்கள். அவர்கள் படிக்காதது வெளியே வந்திருக்காது. உண்மையைச் சொல்கிறேன், அளவு ஏற ஏற என் வாதம் பலமாகிக்கொண்டிருந்தது. குழு வருவதற்கு இன்னும் நான்கைந்து நாட்கள்தான் இருந்தன. அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன்.

குழு வருவதற்கு முன்னால் ஒரு காலை மாமாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் என் அறைக்குப் போனேன். உண்மைப் பக்கங்களை அச்சடித்துக்கொண்டிருந்தேன். அளவை ஜோடி சேர்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அச்சு நன்றாக வந்திருந்தது. மேலே கூடத்தில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். மாமா முதுகு வலிக்கிறது என்றாராம், நெஞ்சை அடைக்கிறது என்றாராம். குழாயில் ரத்தத்தின் நிறமே மாறியிருந்தது. பக்கத்து நாற்காலிகளிலும் அதே. அந்தக் கூச்சலைக் கேட்டு ஓடிவந்த தொட்டிக்காரர், யாருடைய உத்தரவையும் பார்க்காமல், மெஷின நிறுத்துங்க என்று பழையபடி கத்தியிருக்கிறார். நிறுத்தினார்கள். அதனால் பிழைத்தவர்கள் அதிகம். மாமாவோடு இன்னும் மூன்று பேர் பிழைக்கவில்லை. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. நாற்காலி எண் தெரியும்.

அன்று மத்தியானமே இயக்குநர் என் அறைக்கு வந்தார். அந்த அறை எங்கே இருக்கிறது என்று யாரையோ கேட்டுக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். என்னை சார் என்று கூப்பிட்டார். "சார், பழைய பக்கத்த எல்லாம் திரும்ப எடுத்து, கடைசி ரெண்டு வாரம் மட்டும் லேசா மேல ஏறின மாதிரி போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். நான் மறுத்தேன். பொய்யான அறிக்கைக்கு என்னால் உடன்பட முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். உங்களிடம் இருக்கும் உண்மைப் பக்கங்கள் அன்று நான் மறுத்ததால்தான் கிடைத்தவை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார்கள்.

நான்கு பேரில் யாராவது ஒருவர், ஒரே ஒரு வாரம், இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. விசாரணையில் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். மருத்துவமனையில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றேன். கண்ணாடி போட்ட அம்மா உடனே, அப்படியென்றால் மருத்துவமனைக்கு வெளியே யாராவது கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். கூர்மையான பெண்மணி. என் மாமனார் கண்டுபிடித்தார் என்றும், அவரை நான் பேசாமல் இருக்கச் சொன்னேன் என்றும் அப்போது ஒப்புக்கொண்டேன். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அறிக்கை யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியலில் அவர் பெயர் இல்லை, அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

என் மனைவி அதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். காவலில் இருக்கும் என்னை ஒரு தடவைதான் பார்க்க வந்தாள். "அப்பாவுக்குத் தண்ணி சரியில்லன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். எழுந்து போய்விட்டாள்.

அது முழுவதும் சரியான பதில் இல்லை. நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்று காலை கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலிருந்தே டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். முதல் நாள் மாலை அளவு, சிவப்புக் கோட்டைப் போல மூன்று மடங்கு உயரத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கார் சாவியை எடுத்தேன். மாமா முன் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டவே அவருக்கு மூச்சு வாங்கியது, நான் மாட்டிவிட்டேன். வழக்கம்போல யாராச்சும் கேட்டாங்களா என்று அவர் கேட்கவில்லை. பெரிய சாலைக்கு வந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்துல இருக்கறது நீ போட்ட கோடு. நிஜக் கோடு எப்படிப்பா இருக்கு?"

வண்டி சிக்னலில் நின்றிருந்தது. அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் வேறொரு மருத்துவமனை, அங்கேயும் டயாலிசிஸ் உண்டு. அதையும் நான் யோசித்தேன்.

"கீழதான் இருக்கு மாமா. நான் தினமும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப சரி. இல்ல, உடம்பு ஒரு மாதிரியா இருந்துச்சு, அதான் கேட்டேன். நீ பாத்துட்டு இருக்கேல்ல, அப்புறம் எனக்கென்ன" என்று என் தோளைத் தட்டினார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பார். மறுபடி வாங்க, போங்க என்று பேசியிருப்பார். அத்தனை வருடம் கழித்து அவர் என் மேல் வைத்த அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.